கால் அகற்றுவதும் கருணையே

பெரிய உடம்பு கொண்ட நாய் ஒன்று திடீரென முன்னங்காலை ஊன்றாமல் நடக்கிறது. துள்ளிக் குதித்ததில் சுளுக்கியிருக்கும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். வலிமாத்திரை கொடுத்தால் சில நாள் குறைகிறது. மறுபடியும் நொண்டல் வருகிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கையில் தட்டுப்படும் அளவுக்கு வீக்கம் வந்த பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பின் ஒரு பகுதி பூச்சி அரித்த மரம்போலக் கரைந்திருப்பதும், அதைச் சுற்றி ஒழுங்கில்லாமல் புது எலும்பு முளைத்திருப்பதும் படத்தில் தெரிகின்றன. அந்த நேரத்தில் பலரும் மருத்துவரிடம் கேட்பது ஒன்றுதான்: "பெரிய சிகிச்சையெல்லாம் வேண்டாம் டாக்டர். அது வலியில்லாமல் இருந்தால் போதும்."

இந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்தான் பல நேரம் பிழையாக அமைந்துவிடுகிறது. 'பெரிய சிகிச்சை வேண்டாம்' என்றதும் காலை அகற்றும் அறுவைச் சிகிச்சை பேச்சிலிருந்தே போய்விடுகிறது. வலிமாத்திரைச் சீட்டு மட்டும் கைக்கு வருகிறது. வலியைப் போக்குவதுதான் நோக்கம் என்றால், எந்த வழி வலியை உள்ளபடியே போக்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை ஒவ்வொரு வழியிடமும் கேட்டு, ஒரு முடிவுக்கு வர முயல்கிறேன்.

நோய் எப்படிப்பட்டது

நாய்களின் எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் சுமார் 85 விழுக்காடு ஆஸ்டியோசர்கோமா என்னும் வகை. கிரேட் டேன், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், கிரேஹவுண்ட் போன்ற பெரிய இனங்களை இது அதிகம் தாக்குகிறது. ஏழு வயதை ஒட்டி வருவதே வழக்கம். ஒன்றரை, இரண்டு வயதிலும் சில நாய்களுக்கு வருகிறது. முன்னங்காலில் மணிக்கட்டை ஒட்டியும் தோளை ஒட்டியும், பின்னங்காலில் முழங்காலை ஒட்டியும் தோன்றுவது மிகுதி.

இந்நோயைப் பற்றி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை கடுமையானது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் நுரையீரல் எக்ஸ்ரேயில் புற்று தெரிவது 15 விழுக்காட்டுக்கும் குறைவான நாய்களில்தான். ஆனால் ஏறத்தாழ 90 விழுக்காட்டு நாய்களில் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் அதற்குள் காலைவிட்டுப் பரவியிருக்கும். அதனால் முழுக் குணம் என்பது மிகச் சிலவற்றுக்கே வாய்க்கிறது. கால்நடைப் புற்றுநோய் நூல்களில் கால் அகற்றலும் கீமோதெரபியும் 'குணப்படுத்தும் நோக்கு' என்ற தலைப்பில் வரும். மாத்திரையும் கதிர்வீச்சும் 'தணிப்பு' என்ற தலைப்பில் வரும். மருத்துவருக்கு இந்தப் பிரிவு உதவலாம். வீட்டாரை இது திசைதிருப்புகிறது. குணமே அரிதான நோயில் செய்வதெல்லாம் தணிப்புத்தான். தணிப்பு மட்டும் வேண்டும் என்று வருபவர் முதல் தலைப்பைப் படிக்காமலே இரண்டாவதற்குப் போய்விடுகிறார். வலிக்கு உரிய வலிமையான மருந்து முதல் தலைப்பின்கீழ் கிடக்கிறது.

இரண்டாவது உண்மை வலியைப் பற்றியது. எலும்பை மூடியிருக்கும் சவ்வில் நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. புற்று வளர வளர அந்தச் சவ்வு இழுபடுகிறது. எலும்பை அரிக்கும் செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. வலுவிழந்த எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. நரம்புகளே நாளடைவில் மிகையாக உணரத் தொடங்குகின்றன. பல முனைகளிலிருந்து எழும் வலி இது. ஒரே மருந்து ஒரு முனையை மட்டுமே தொடும் என்பதை நினைவில் வைத்தால், பின்னால் வரும் ஏற்றத்தாழ்வுகள் விளங்கும்.

வலி குறைந்தது என்று யார் சொல்வது?

நாய் தன் வலியைச் சொல்லாது. நாம்தான் பார்த்துச் சொல்கிறோம். நம் பார்வையில் நம் ஆசையும் கலந்திருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களை வைத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. போலி மாத்திரை பெற்ற நாய்கள் அவை. கால் தரையில் எவ்வளவு விசையோடு ஊன்றுகிறது என்பதைக் கருவி பதிவுசெய்தது. கருவி முன்னேற்றம் காட்டாதபோதும் 'தேறிவிட்டது' என்று உரிமையாளர்கள் ஐந்தில் இரண்டு முறை அளவுக்குச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களின் கண்ணும் அதே அளவுக்கு ஏமாந்தது.

எலும்புப் புற்றுத் தணிப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி உரிமையாளர் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை. அதிலும் பல, பழைய மருத்துவப் பதிவுகளைத் திரும்பிப் பார்த்துத் தொகுத்தவை. ஆகவே 'இத்தனை விழுக்காடு நாய்களுக்கு வலி குறைந்தது' என்ற எண்ணைப் படிக்கும்போது கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான வலிக் கேள்விப்பட்டியல், எலும்புப் புற்றுள்ள நாய்களில் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. எழுந்திருத்தல், நடத்தல், ஓடுதல், படியேறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் மதிப்பெண் இடவேண்டும். வாரம் ஒருமுறை அதை எழுதிவைப்பது வெறும் கண்மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

இனி ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம். எவ்வளவு வலி போகிறது? எவ்வளவு உறுதியாகப் போகிறது? அதற்காக நாய் தன் மிச்ச நாட்களில் எத்தனையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது?

மாத்திரைகள்

மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப் போன்ற வீக்கம் தணிக்கும் மருந்துகள் முதல் படி. எளிதில் கிடைப்பவை, வாய்வழி கொடுக்கலாம், தொடக்கத்தில் பலன் தெரியும். சிறுநீரகம், கல்லீரல், இரைப்பை ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வீட்டு அலமாரியில் இருக்கும் ஐபுப்ரோஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ எடுத்துக் கொடுப்பது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவற்றோடு கேபாபென்டின், அமான்டடின் சேர்ப்பது வழக்கம். நரம்பு மிகையுணர்வைக் குறைக்கும் என்ற காரணம் பொருத்தமானதே. நாய்களின் எலும்புப் புற்றில் அதற்கான நேரடிச் சான்று மெலிந்தது. மனிதர்களுக்கான கேபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் இருக்கக்கூடும். அது நாய்க்கு நஞ்சு என்பதால் மாத்திரையோ கேப்சூலோதான் பாதுகாப்பு. நெடுங்காலமாக எழுதப்பட்டுவரும் டிராமடாலின் நிலை இன்னும் மோசம். மனித உடலில் அது மாறி உருவாகும் வலிதணிக்கும் பொருள் நாயின் உடலில் மிகக் குறைவாகவே உருவாகிறது. மூட்டு வலியுள்ள நாய்களில் 2018-இல் வெளியான ஆய்வில் அது போலி மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. சற்றே மயங்கிப் படுத்திருக்கும் நாயைப் பார்த்து வலி போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்புத்தான் இம்மருந்தை இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது. மஞ்சள், மூலிகைச் சாறு ஆகியவற்றின்மீது அன்பால் நம்பிக்கை வைப்பவர்கள் உண்டு. கரையும் எலும்பின் வலியை அவை அடக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

மாத்திரை மட்டும் பெறும் நாய்களில் பெரும்பாலானவற்றின் வலி ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டுமீறிப் போகிறது. இதற்குள் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மருந்தால் சற்றுத் தேறிய நாய் அந்தக் காலை ஊன்றி ஓடும். அரித்த எலும்பு ஒரு நொடியில் முறியும். அப்படி முறிந்த எலும்பு மாவுக்கட்டில் சேராது. நள்ளிரவில் அலறும் நாயைத் தூக்கிக்கொண்டு திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடி அலைய நேரும். மாத்திரைச் சீட்டைக் கொடுக்கும்போதே இந்தச் சாத்தியத்தைச் சொல்லாதது பெரும் குறை.

எலும்பைக் காக்கும் ஊசி

பாமிட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம் ஆகியவை எலும்பை அரிக்கும் செல்களை ஒடுக்குபவை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். பாமிட்ரோனேட்டுக்கு இரண்டு மணி நேரம், ஜோலெட்ரோனிக் அமிலத்துக்குக் கால்மணி நேரம் போதும். ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சிறுநீரகச் சோதனை வேண்டும்.

வலி பிறக்கும் முனைகளில் ஒன்றை நேரடியாகத் தொடுவதால் கருத்தளவில் இது கவர்ச்சியான வழி. பலனோ அடக்கமானது. 2007-இல் வெளியான ஆய்வில் பாமிட்ரோனேட் பெற்ற 43 நாய்களில் 12 நாய்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல் நிவாரணம் கிடைத்தது. நான்கில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். பிறகு கதிர்வீச்சும் டாக்சோரூபிசின் என்னும் கீமோ மருந்தும் பெற்ற நாய்களில் பாதிக்குப் பாமிட்ரோனேட்டும் பாதிக்குப் போலி மருந்தும் கொடுத்து, யாருக்கு எது என்று மருத்துவருக்கும் உரிமையாளருக்கும் தெரியாமல் ஓர் ஆய்வு நடந்தது. நிவாரணக் காலம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே, கால் அகற்றலோ கதிர்வீச்சோ இயலாத நாய்க்கு மாத்திரையோடு சேர்க்கத்தக்க துணை இது. இதையே தலைமைச் சிகிச்சையாக முன்வைப்பதைச் சான்று தாங்கவில்லை.

கதிர்வீச்சு

தணிப்புக் கதிர்வீச்சில் புற்றை முழுதாக அழிக்கும் எண்ணம் இல்லை. சுமார் 8 கிரே அளவை வாரம் ஒருமுறை வீதம் சில முறையோ, அடுத்தடுத்த இரண்டு நாட்களிலோ கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் மயக்கம் கொடுக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும். இந்த அளவில் பக்கவிளைவு குறைவு. மயிர் உதிர்வது, தோல் சற்றுச் சிவப்பது போன்றவையே பெரும்பாலும்.

1999-இல் வெளியான 95 நாய்களின் தொகுப்பில் 74 விழுக்காட்டுக்கு வலி குறைந்தது. அந்த நிவாரணத்தின் இடைநிலைக் காலம் 73 நாள். பின்வந்த சில ஆய்வுகளில் பலன் கண்ட நாய்களின் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டியது. காலமோ மூன்று மாதத்தைச் சுற்றியே நின்றது. உரிமையாளர் ஏமாறும் விகிதத்தைக் கழித்துப் பார்த்தாலும் இதை உண்மையான பலன் என்று ஒப்புக்கொள்ளலாம்; கால் ஊன்றாத நாய் ஊன்றத் தொடங்குவது பலருக்கும் தெரியும் மாற்றம்.

ஆனால் எலும்பின் வலுவைக் கதிர்வீச்சு மீட்பதில்லை. வலியின்றிப் பாரம் ஏற்றும் கால், முறியும் கால். துல்லியமாகக் குவித்துப் பெரிய அளவு கொடுக்கும் நவீன முறையிலும் பின்னாளில் எலும்பு முறிவே தலையாய சிக்கல். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை. நேரியல் முடுக்கியும் விலங்குகளுக்கு மயக்கம் கொடுக்கத் தேர்ந்த குழுவும் வேண்டும். காலைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும், போய்வரக்கூடிய தொலைவில் மையமும் இருந்தால், மாத்திரையைவிட இது தெளிவாக மேலான தணிப்பு.

கால் அகற்றல்

'மூன்று காலோடு அது எப்படி வாழும்? பாவம், இருக்கும் கொஞ்ச நாளில் அதை வெட்ட வேண்டுமா?' வீடுதோறும் எழும் கேள்வி இது. இதில் இரக்கம் இருக்கிறது. இந்த இரக்கம் மனிதக் கால் இழப்பை மனதில் வைத்துப் பிறந்தது. நாய் கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்ப்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கூசுவதில்லை. நொண்டும் நாய் பல வாரமாக மூன்று காலில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நான்காவது கால் அதற்கு வலியை மட்டுமே தந்துகொண்டிருக்கிறது.

பெரும்பாலான நாய்கள் அறுவை முடிந்த மறுநாளே தாமாக நிற்கின்றன. இரண்டு முதல் நான்கு வாரத்தில் புது நடைக்குப் பழகிவிடுகின்றன. உடல் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குவதால், முன்னங்கால் இழப்பு சற்றுக் கடினம், அதற்கும் பழகுகின்றன. கால் அகற்றப்பட்ட நாய்களின் உரிமையாளர் 64 பேரைக் கேட்டு 2015-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு அருகில், நாயின் வாழ்க்கை பழைய நிலைக்கு முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ திரும்பியது என்றார்கள். இதுவும் உரிமையாளர் சாட்சியம்தானே, இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மாத்திரையும் கதிர்வீச்சும் வலியின் மூலத்தை உடலிலேயே விட்டுவைத்து அதன் ஓசையைக் குறைக்கின்றன. குறைந்ததா என்று நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கால் அகற்றல் அந்த மூலத்தையே அகற்றிவிடுகிறது. எலும்பு முறியும் அபாயமும் அன்றே தீர்கிறது. அறுவைப் புண்ணின் வலியும், வெட்டுண்ட நரம்பின் வலியும் இருக்கும். முன்னது நாட்கணக்கில் ஆறுவது, பின்னதை மருந்தால் சமாளிக்கலாம்.

எதிர்வாதத்தின் கூர்மையான பகுதி வேறு. கால் அகற்றல் மட்டும் செய்த நாய்களின் இடைநிலை ஆயுள் நான்கு முதல் ஐந்து மாதம். ஓராண்டைத் தாண்டுபவை பத்தில் ஒன்றை ஒட்டித்தான். அப்படியானால் இருபது வாரத்தில் மூன்று வாரத்தை அறுவையின் தேறுதலுக்குக் கொடுப்பது தகுமா? தகும் என்பதே என் கணிப்பு. மிச்சம் பதினேழு வாரம் வலியற்றது. மாத்திரை வழியில் போகும் நாய் எட்டோ பத்தோ வாரம் வாழ்ந்தாலும், அதில் ஒவ்வொரு வாரமும் முந்தையதைவிட மோசமாகிறது. கால் அகற்றிய நாய் முடிவில் பெரும்பாலும் நுரையீரல் நோயால்தான் இறக்கும். அந்நோய் பெரும்பாலும் கடைசிக் கட்டம் வரை சத்தமில்லாமல் இருக்கிறது. இருமலோ மூச்சிரைப்போ பசிக்குறைவோ தெரிந்தபின் நாட்கள் குறைவு. இடைப்பட்ட காலம் ஓடவும் உறங்கவும் உண்ணவும் முடிகிற காலம்.

இதோடு கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கிலிருந்து ஆறு முறை சேர்த்தால், இடைநிலை ஆயுள் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதமாகிறது. மனிதர்களுக்குக் கொடுப்பதைப்போல் நாய்களுக்கு உச்ச அளவில் கொடுப்பதில்லை. பெரும்பாலானவை நன்றாகவே தாங்குகின்றன. கீமோ கூட்டுவது நாட்களை; எலும்பு வலியை அது தணிக்காது. பணமோ மனமோ கீமோவுக்கு இடம்தராத வீட்டிலும் கால் அகற்றலின் பயன் குறைவதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'எல்லாம் அல்லது எதுவுமில்லை' என்று பேசுவதுதான் பல நாய்களுக்கு வலிநீக்கத்தைக் கிடைக்காமல் செய்கிறது.

யாருக்குப் பொருந்தாது

கால் அகற்றல் எல்லா நாய்க்கும் உரியதாகிவிடாது. மற்றக் கால்களில் கடும் மூட்டுத் தேய்மானம், இடுப்பு மூட்டுக் கோளாறு, தண்டுவட நோய் உள்ள நாய் மூன்று காலில் நிற்கத் திணறும். மிகையான உடல் பருமனும் தடையே. நுரையீரலில் கட்டி ஏற்கெனவே தெரிந்த நாய்களின் இடைநிலை ஆயுள் இரண்டரை மாத அளவுதான். அங்கே மூன்று வாரத் தேறுதல் பெரிய விலை. இந்த நாய்களுக்குக் கதிர்வீச்சும், எலும்பு காக்கும் ஊசியும், மாத்திரைக் கூட்டும் சேர்ந்த வழி பொருத்தம். நுரையீரல் எக்ஸ்ரேயும் மற்ற மூன்று கால்களின் சோதனையும் முடியாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வழுக்கும் தரை, மாடிப்படி, நாற்பது கிலோ நாயைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாத வீடு ஆகியவையும் கணக்கில் வரவேண்டும். தரைக்கு ரப்பர் விரிப்பு, வயிற்றடியில் பிடிக்கத் துணிப்பட்டை என்று பாதியைத் தீர்க்கலாம். தீர்க்க முடியாத வீட்டாரைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

முடிவை முன்கூட்டியே எழுதுவது

எந்த வழியில் போனாலும் கருணைச் சாவு இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. மயக்கமருந்து கொடுத்துத் தூங்கவைத்தபின் ஊசி போடும்போது நாய்க்கு வேதனை இல்லை. பலர் அதைத் தோல்வியாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்ட நாட்களின் வலியை நாய் சுமக்கிறது. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வெளியிட்ட வாழ்க்கைத்தர அளவுகோல் இங்கே உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். இந்த எண்ணுக்கு அறிவியல் துல்லியம் கிடையாது. துக்கம் அறிவை மறைக்காத நாளில், எந்த எல்லை வந்தால் நிறுத்துவோம் என்று குடும்பமாக உட்கார்ந்து எழுதிவைக்க அது ஒரு சட்டகம் தருகிறது. அந்தப் பயன் பெரியது.

தீர்ப்பு

மற்ற மூன்று காலும் நலமாக, நுரையீரல் எக்ஸ்ரே தெளிவாக இருக்கும் நாய்க்குக் கால் அகற்றலே முதன்மையான தணிப்பு. கீமோ சேர்வதும் சேராததும் வீட்டாரின் விருப்பம். கால் அகற்றல் பொருந்தாத நாய்க்குக் கதிர்வீச்சு இரண்டாம் இடம். எலும்பு காக்கும் ஊசி துணையாக மட்டும். மாத்திரை மட்டும் என்பது சில வாரங்களுக்கான ஏற்பாடு. கருணைச் சாவுக்கான எல்லையை முதல் நாளே குறித்துக்கொண்டு தொடங்கினால் அது நேர்மையான வழி. அந்த எல்லை இல்லாமல் மாதக்கணக்கில் மாத்திரையை நீட்டிப்பதே இந்தப் பட்டியலில் ஆகக் கொடியது. நாயை அறுவைக்கு அனுப்ப மனம் வராதவர், நோய் தெரிந்த வாரத்திலேயே அதற்கு விடைகொடுப்பது அதைவிடப் பல மடங்கு இரக்கமான செயல்.

'வலியில்லாமல் இருந்தால் போதும்' என்று வருபவரிடம் மருத்துவர் முதலில் பேச வேண்டியது அறுவையைப் பற்றித்தான். வீட்டார் அதை மறுக்கலாம். என்ன கிடைக்கும், என்ன போகும் என்று முழுதாகக் கேட்ட பிறகு மறுக்கட்டும்.